மறைத்து உண்ணும் மருந்து

2020 மார்ச்சு 25ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியது. நாம் பணிபுரியும் ரயில்வேயில் பயணிகள் வண்டிகளும் நின்றன.

பெங்களூரில் தன்பால் ஈர்ப்புடையோர், திருநங்கையர் ஆகியோரிடையே எச்.ஐ.வி. தடுப்புப் பணி நேர்ச் சந்திப்பால் நடைபெறுவது. அவர்களுள் ஒருவரே தேடிச் சென்று ஆணுறை வழங்குவார்; இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வார். ஊரடங்கில் அச்சந்திப்பு தடைப்பட்டது.

தொற்றுடையோருக்குப் பல மாத மருந்தை ஒருசேர அளிக்க அரசு ஏற்பாடு செய்தது. அதனை நாள் தவறாது உண்டு, கிருமி கண்டறிய இயலா அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவால் பிறருக்குத் தொற்றாது. ஆயின், பெற்றோருக்கு அஞ்சி மறைத்து உண்பவர் நாலு சுவருக்குள் என் செய்வர்?

அவர்தம் உறவு குற்றமன்று என 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்பர்களே, பிள்ளைகள் அஞ்சி மறைக்க வேண்டாத இல்லமாக நம் இல்லம் விளங்கட்டும். ஐயமிருப்பின் 1097 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசியில் கேட்டறியலாம்.