சிசுவின் மூச்சும் வீதியின் தூரமும்

வெள்ளவத்தையிலிருந்து பொறளை ஐந்து மைலுக்கு உட்பட்ட தூரமே, கொட்டாஞ்சேனையிலிருந்தும் அவ்வாறே. ஆயினும், பிறந்து சில மணி நேரமே ஆகி, மூச்சுக்குத் திணறும் ஒரு சிசுவைச் சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டி வந்தால் அத்தூரம் சிறிதன்று. காலி வீதி நெரிசலில் வண்டி நிற்கலாம். சிசுவின் மூச்சு நிற்கலாகாது.

மாதம் நிறையுமுன் பிறந்த குழந்தையின் நுரையீரலிலுள்ள நுண்ணிய காற்றறைகள், மூச்சு வெளியேறுந்தோறும் சுருங்கி ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டாது காக்கும் இயற்கைப் பொருள் அக்குழந்தைகளிடம் குறைவு என்பதை 1959இல் மேரி எலன் ஏவரி, ஜெரி மீட் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் வெளியிட்டனர். 1963 ஆகஸ்டில் ஜனாதிபதி கெனடியின் மகன் பற்றிக் ஐந்தரை வாரம் முந்திப் பிறந்தான். பொஸ்டன் நகரின் பெரிய வைத்தியசாலைக்கு விரைந்து கொண்டுசென்றும், இரண்டு நாள் நிறையுமுன் இந்நோயால் இறந்தான். அந்த வீட்டில் செல்வத்துக்குக் குறைவில்லை. வைத்தியத்தில்தான் அன்று வழி இல்லை.

வழி 1971இல் பிறந்தது. முற்றும் சுருங்கிய பலூனை ஊதுவது கடினம், பாதி ஊதியதை ஊதுவது எளிது என்பதைச் சிறுவரும் அறிவர். மூச்சு வெளியேறும்போதும் காற்றறைகளில் சிறிது அழுத்தம் நிலைக்கச் செய்தால் அவை ஒட்டா என்று ஜோர்ஜ் கிரகரியும் அவருடைய குழுவினரும் காட்டினர். இன்று மூக்கிற் பொருத்தும் சிறு குழாய்கள் நோயாளர் காவுவண்டியிலும் இவ்வேலையைச் செய்ய வல்லன.

தானாக மூச்சுவிடவே இயலாத சிசுவுக்கு, வாய்வழியாக மூச்சுக்குழலினுள் குழாய் செலுத்துவர். அம்மூச்சுக்குழலோ ஏறக்குறைய நான்கு சென்ரிமீற்றர் நீளமே. வீதியிலுள்ள ஒரு பள்ளத்தில் வண்டி குலுங்கினாற் போதும்; குழாய் உள்ளே இறங்கி ஒரு நுரையீரலுக்கு மட்டும் காற்றுச் செல்லும், அல்லது கழன்று வெளியே வந்துவிடும். ஆதலால் புறப்படுமுன் அதை உறுதியாக ஒட்டி, மார்பின் இரு பக்கமும் ஒத்து எழுகின்றனவா என்று பார்த்தல் அவசியம். அவசரம் என்று இதற்குரிய நேரத்தைச் சுருக்குவது அறிவுடைமை ஆகாது.

பிராணவாயுவுக்கும் கணக்குண்டு. நிமிடத்துக்கு 5 லீற்றர் வீதம் ஒரு மணி நேரத்துக்கு 300 லீற்றர். நெரிசலை எண்ணி அதன் இருமடங்கை எடுத்துச்செல்வதே நலம். கொடுப்பதும் அளவோடு வேண்டும். அளவுமிஞ்சிய பிராணவாயு குறைமாதக் குழந்தைகளின் பார்வையைக் கெடுக்கிறது என்று 1951இலேயே மெல்பேர்ன் வைத்தியர் கேற் காம்பெல் எச்சரித்தார். உடற்சூடு 36.5 பாகைக்குக் கீழே இறங்கினால் சிசுவுக்கு வேண்டிய பிராணவாயு கூடும். கொழும்பின் புழுக்கத்திற் குளிரா என்று நேயர்கள் வியக்கலாம்; ஈரம் உலராத சிற்றுடல் இங்கும் விரைவிற் குளிரும். இயந்திரம் பழுதுற்றாலோ, தாதியின் கையிலுள்ள பையே துணை. நிமிடத்துக்கு 40 முதல் 60 தடவை அதை அழுத்த வேண்டும்.

இத்தனையையும் தவிர்க்கும் பயணம் ஒன்றுண்டு. குறைமாதத்தில் நோக்காடு கண்ட தாயை, பிரசவத்துக்கு முன்பே, 1879இல் நிறுவப்பட்ட டி சொய்சா மகளிர் வைத்தியசாலை போன்ற பெரிய இடத்திற் சேர்ப்பதே அது. அங்கே தாய்க்கு ஏற்றும் ஸ்டீரொயிட் ஊசி சிசுவின் நுரையீரலை முதிரச் செய்யும் என்பது 1972 முதல் அறிந்த செய்தி. அது பயன் தருவதற்குச் சில மணி நேரம் வேண்டும். எனவே நோக்காடு முற்றும்வரை வீட்டிற் காத்திராது, முதல் அறிகுறியிலேயே புறப்பட வேண்டும்.