வீட்டுத் தோட்டத்தில் பிளம் காய்க்குமா?

கொடைக்கானலுக்கோ காந்தளூருக்கோ போய்வரும் நம்மவர்கள் சிலர், பிளம் பழத்தோடு ஒட்டுக்கன்று ஒன்றையும் வாங்கி வருகிறார்கள். "இதைக் கொல்லயிலில் நட்டால் காய்க்குமா?" என்பதே அவர்கள் கேள்வி. ஐந்து சென்ட், பத்து சென்ட் மனையில் வீடு போக ஒரு பெரிய மரத்துக்குத்தான் இடம் மிஞ்சும். பொருந்தாத மரத்தை வைத்துவிட்டால் பல ஆண்டுக் காத்திருப்பு வீண். எனவே நடுவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

பிளம் குளிர்நாட்டு மரம். குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும். அந்த உறக்கம் கலைந்து மொட்டு விரிய, சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் குறைந்த குளிர் பல நூறு மணி நேரம் கிடைக்க வேண்டும். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே அது கிடைக்கிறது. பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதியிலோ மார்கழி இரவிலும் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். குறைந்த குளிரில் காய்க்கும் ரகங்களுக்கும் இது போதாது. மரம் தழைக்கலாம், பழத்தை எதிர்பார்க்க முடியாது.

அப்படியானால் என்ன நடுவது? ஆங்கிலேயர் 'ஜாவா பிளம்' என்று பெயரிட்ட நம் நாவலை நடலாம். மலையாளத்தில் ஞாவல். பிளம் ரோஜாக் குடும்பம். நாவலோ கொய்யா, கிராம்பு ஆகியவற்றின் குடும்பம். பெயரில் மட்டுமே உறவு. ஆனால் நம் வெயிலும் இரண்டு பருவ மழையும் நாவலுக்கு ஒத்துவரும்.

கன்று: விதைக்கன்று காய்க்க எட்டு முதல் பத்து ஆண்டுகள் ஆகும், மரமும் மிக உயரமாகும். ஒட்டுக்கன்று நான்கைந்து ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும். 'கொங்கண் பஹடோலி', 'கோமா பிரியங்கா' பெயர்பெற்ற ரகங்கள். வெள்ளாயணி வேளாண்மைக் கல்லூரியிலோ பஞ்சாயத்து கிருஷி பவனிலோ விசாரித்து வாங்குங்கள்.

இடம்: வீட்டுச் சுவரிலிருந்து 20 அடியாவது தள்ளி நடுங்கள். உதிரும் பழம் நீலக்கறை பிடிக்கும். ஓடு பதித்த முற்றமும் கார் நிறுத்தும் இடமும் வேண்டாம்.

நடவு: இடவப்பாதி மழை தொடங்கும் ஜூன் மாதம் ஏற்றது. ஒரு மீட்டர் நீள, அகல, ஆழத்தில் குழியெடுத்து, மேல்மண் மூன்று பங்கும் மட்கிய சாணம் ஒரு பங்கும் கலந்து நிரப்புங்கள். வெட்டுக்கல் பூமியில் குழிக்குள் நீர் தேங்கலாம். மண்ணைச் சற்று மேடாக்கி நடுவது பாதுகாப்பு. ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலே இருக்கட்டும். அதற்குக் கீழே துளிர்ப்பதை அவ்வப்போது கிள்ளிவிடுங்கள். விட்டால் ஒட்டு நலிந்து, அடிக்கன்றே மரமாகிவிடும்.

பராமரிப்பு: முதல் இரண்டு கோடைகளில் நீர் ஊற்றினால் போதும். மரம் செழித்தும் காய்க்கவில்லையென்றால் மேலும் உரம் போடாதீர்கள். உரமும் நீரும் மிகுந்தால் இலைதான் பெருகும். இரண்டையும் சில மாதம் நிறுத்திப் பாருங்கள்.

நாவல் கட்டை நீரில் எளிதில் மட்காது. அதனால்தான் கிணற்று வேலைக்கும், முன்னாளில் தண்டவாளத்தின் அடியில் ஸ்லீப்பர் கட்டையாகவும் அது பயன்பட்டது.

ஓர் எச்சரிக்கை: நாவற்பழம் தின்கிறோம் என்று சர்க்கரை நோயாளிகள் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. பழம் பழமாகவே இருக்கட்டும். பேரப்பிள்ளைகள் நாக்கு நீலமாகத் தின்று மகிழட்டும்.