குளவிக்கு எந்த அசுவினி பிடிக்கும்?

ஐரோப்பாவில் பசுமைக்குடில் அமைத்துக் குடைமிளகாயும் வெள்ளரியும் வளர்ப்பவர்களில் பலர், அசுவினி தென்பட்டால் பூச்சிமருந்துக்குப் பதிலாகக் குப்பியில் வரும் குளவிகளை வாங்குகிறார்கள். கொசு அளவுகூட இல்லாத, கொட்டத் தெரியாத ஒட்டுண்ணிக் குளவிகள். ஆனால் செடியில் இருப்பது எந்த அசுவினி என்று பார்க்காமல் வாங்கினால் காசு வீண். அஃபிடியஸ் கோலமானி என்ற இனம் பருத்தி அசுவினியை விரும்பித் தாக்கும்; உருளைக்கிழங்கு அசுவினி அதற்கு ஆகாது. அந்த அசுவினிக்கு அஃபிடியஸ் எர்வி வேண்டும்.

தாக்குதல் நொடிப்பொழுதில் முடிந்துவிடும். தாய்க் குளவி வயிற்றைக் கால்களுக்கு இடையே முன்பக்கமாக வளைத்து, ஊசி போன்ற உறுப்பால் அசுவினியின் உடலுக்குள் ஒரு முட்டையைச் செலுத்துகிறது. பொரித்த புழு உள்ளிருந்தே தின்று வளர்கிறது. கடைசியில் அசுவினி உப்பி, பழுப்பேறிய வெறும் கூடாகிவிடும். பூச்சியியலாளர்கள் இதை 'மம்மி' என்பார்கள். அதில் வட்டமாக ஓட்டை போட்டுக்கொண்டு புதிய குளவி வெளியே வரும்.

ஒரே இன அசுவினிக்குள்ளும் குளவி பார்த்துத்தான் பொறுக்குகிறது. பட்டாணி அசுவினியில் பச்சை, சிவப்பு என இரண்டு நிறம் உண்டு. அமெரிக்காவில் குதிரை மசால் பயிரில் நடந்த ஆய்வொன்று 1997இல் 'நேச்சர்' இதழில் வெளியானது. எர்வி குளவி பச்சையை அதிகம் தாக்கியது. பொறிவண்டு சிவப்பை அதிகம் தின்றது. ஒன்றின் கண்ணுக்குத் தப்புவது மற்றொன்றிடம் மாட்டிக்கொள்வதால் இரண்டு நிறமும் வயலில் நிலைத்திருக்கின்றன.

இந்தத் தேர்வு பிறவியிலேயே எழுதி வைத்ததா? முழுக்க அப்படி இல்லை. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் வான் எம்டன் குழுவினர் 1990களில் கண்டது எனக்கு மிகப் பிடித்த சோதனை. கோதுமை அசுவினியில் வளர்ந்த குளவி, தான் வளர்ந்த கோதுமை ரகத்தின் வாசனையையே நாடியது. கூட்டுப்புழுவை மம்மியிலிருந்து பிரித்தெடுத்துத் தனியே குளவியாக விட்டபோது அந்த நாட்டம் காணாமல் போனது. வெளியேறும்போது மம்மியின் தோலிலிருந்து கிடைக்கும் வாசனைதான் குளவிக்கு முதல் பாடம்.

அசுவினியும் சும்மா இருப்பதில்லை. உதைக்கும், செடியிலிருந்து குதிக்கும். சில பட்டாணி அசுவினிகளின் உடலுக்குள் ஹாமில்டனெல்லா என்ற பாக்டீரியா குடியிருக்கிறது. அந்தப் பாக்டீரியாவைத் தொற்றியிருக்கும் ஒரு வைரஸின் நச்சு, குளவியின் வாரிசை வளரவிடாமல் கொன்றுவிடும். எர்வியும் விடுவதில்லை. பாக்டீரியா உள்ள அசுவினியில் வழக்கமான ஒற்றை முட்டைக்குப் பதில் இரண்டு, சிலசமயம் அதற்கு மேலும் இடுகிறது. இரண்டு முட்டை இருந்தால் ஒன்று பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறது. மூளை என்று சொல்லத் தயங்கும் அளவுள்ள பூச்சிக்கு இது கொஞ்சம் அதிகப்படியான சாமர்த்தியம்தான்.

பசுமைக்குடில்காரர்கள் குளவியின் இந்தத் தேர்வைத் தங்களுக்குச் சாதகமாகவும் திருப்பிக்கொண்டார்கள். காய்கறிச் செடிகளுக்கு நடுவே ஒரு தொட்டியில் பார்லி வளர்த்து, தானியப் பயிரை மட்டும் உறிஞ்சும் அசுவினியை அதில் விடுகிறார்கள். அது குடைமிளகாய்ப் பக்கம் வராது. ஆனால் கோலமானிக்கு அதுவும் உணவு, பருத்தி அசுவினியும் உணவு. தொட்டியில் பெருகிய குளவிகள், பயிரில் முதல் அசுவினி வந்து உட்காரும்போது ஏற்கெனவே அங்கே காத்திருக்கும். எர்விக்கு இதே தொட்டி பயன்படாது. வேறொரு தானிய அசுவினியைத் தேடிப்பிடித்து வளர்க்க வேண்டும்.