சுரைக் குடுக்கையில் குருவிக் கூடு

காதர்பேட்டையின் பனியன் கடைகளைக் கடந்து திருப்பூரைச் சுற்றியுள்ள கிராமங்களுக்குச் சென்றால், ஓட்டு வீடுகள் குறைந்து கான்கிரீட் வீடுகள் பெருகியிருப்பதைக் காணலாம். ஓட்டிடுக்கில் கூடு கட்டிய சிட்டுக்குருவிக்கு இடமில்லை. குருவி கதிரைக் கொத்தும் என்பது உண்மையே. ஆனால், குஞ்சுகளுக்குப் பெரும்பாலும் புழு பூச்சிகளையே ஊட்டுகிறது. 1958-ல் சீனாவில் குருவிகளைக் கொன்று குவித்தார்கள். பயிர்ப் பூச்சிகள் பெருகவே, 1960-ல் அதைக் கைவிட்டார்கள். விற்காமல் முற்றிய சுரைக்காயைக் கொண்டே குருவிக்கு வீடு தரலாம்.

பயிரிடும் முறை

கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ.1 ரகம் அடி உருண்டு, மேலே குப்பிக் கழுத்துடன் இருப்பதால் கூடுக்கு ஏற்றது. ஆடியிலோ தையிலோ விதைக்கலாம். ஓர் அடி நீள, அகல, ஆழமுள்ள குழியில் 10 கிலோ தொழு உரமிட்டு 5 விதைகளை ஊன்ற வேண்டும். 15 நாளில் நல்ல நாற்று இரண்டை விட்டு மற்றவற்றைக் களைந்துவிட வேண்டும். கொடியைப் பந்தலில் ஏற்றினால் காய் தொங்கிச் சீராக வளரும். பிஞ்சுகளைக் கறிக்குப் பறித்துக்கொண்டு, கொடிக்கு ஒன்றிரண்டு காய்களை மட்டும் முற்ற விடுவது நல்லது.

கசக்கும் சுரைக்காயைச் சமைக்கக் கூடாது; அது நஞ்சு. அத்தகைய காயைக் கூடாக்கலாம். விதைக்கு எடுக்கக் கூடாது.

உலர்த்துதல்

காம்பு காய்ந்து பழுப்பான பின், காம்புடன் அறுக்க வேண்டும். பச்சையாக அறுத்தால் சுருங்கி அழுகும். காற்றோட்டமான நிழலில் தொங்கவிட்டால், சில வாரங்கள் முதல் சில மாதங்களில் உலரும். தோலில் பூஞ்சணம் படர்ந்தால் துடைத்துவிட்டால் போதும். ஆட்டினால் விதை குலுங்குவதே பதம்.

கூடு செய்தல்

வயிற்றுப் பகுதியில் ஒன்றேகால் அங்குலத் துளை போட வேண்டும். துளை பெரிதானால் மைனா புகுந்துவிடும். மூக்கில் துணி கட்டிக்கொண்டு விதையையும் சோற்றையும் சுரண்டி எடுக்க வேண்டும். நீர் வடிய அடியில் நான்கு சிறு துளைகளும், கம்பி கோக்கக் கழுத்தில் இரு துளைகளும் தேவை. வெளிப்புறம் வெள்ளைப் பெயின்ட் பூசினால் சூடு தணியும். உட்புறம் எதுவும் பூசக் கூடாது.

தாழ்வாரத்தில், 8 முதல் 10 அடி உயரத்தில், பூனை எட்டாதபடி, நண்பகல் வெயில் படாமல் கட்ட வேண்டும்.

கவனிக்க வேண்டியது

மெத்தையாக இருக்கட்டும் என்று பனியன் வேஸ்ட் நூலை உள்ளே திணிக்கக் கூடாது. பாலியஸ்டர் நூல் குஞ்சின் காலில் சுற்றி இறுக்கிவிடும். வைக்கோலும் தேங்காய் நாரும் அருகில் கிடந்தால் குருவியே எடுத்துக்கொள்ளும். முட்டையிட்டது முதல் குஞ்சு பறக்கும் வரை சுமார் ஒரு மாதம், அருகில் பூச்சிமருந்து தெளிக்கக் கூடாது. குஞ்சுகள் பறந்த பின் பழைய கூளத்தை அகற்றினால், அடுத்த ஈட்டுக்கும் அதே குடுக்கை உதவும்.

கிணற்றில் நீச்சல் பழக இடுப்பில் கட்டிய சுரைப்புருடையும், விதை சேமித்த குடுக்கையும் கொங்கு நாட்டார் அறிந்தவையே. செலவின்றி அதே குடுக்கையைக் குருவிக்கும் கட்டலாம்.