ஏரியையே விழுங்கிய மீன்! விக்டோரியா ஏரியில் நடந்தது என்ன?

கென்யா, உகாண்டா, தான்சானியா என மூன்று நாடுகளின் எல்லைக்குள் விரிந்து கிடக்கிறது விக்டோரியா ஏரி. ஆப்பிரிக்காவின் மிகப்பெரிய ஏரியான இதன் பரப்பு சுமார் 68,800 சதுர கிலோமீட்டர். விரல் நீளமே இருக்கும் 'சிக்லிட்' வகைச் சிறு மீன்கள் இங்கே ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கான இனங்களாக வாழ்ந்தன. அவற்றில் பெரும்பாலானவை உலகில் வேறெங்குமே கிடையாது.

1950-களில் இது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த பகுதி. வலைகள் பெருகி, மக்கள் விரும்பிச் சாப்பிட்ட திலாப்பியா மீன் குறைந்துகொண்டே வந்தது. 'விலை போகாத பொடி மீன்களைத் தின்று கொழுக்கும் பெரிய மீனை விட்டால் என்ன?' என்று யோசித்தார்கள். அப்படித்தான் 'நைல் பெர்ச்' ஏரிக்குள் வந்தது. இது 2 மீட்டர் நீளம், 200 கிலோ எடைவரை வளரக்கூடிய வேட்டை மீன். விஞ்ஞானிகள் சிலர் அப்போதே எச்சரித்தும் பலனில்லை.

சுமார் 20 ஆண்டுகள் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. 1980-களில் நைல் பெர்ச் திடீரென்று பல்கிப் பெருக, சிக்லிட்டுகள் கொத்துக் கொத்தாக மறைந்தன. சுமார் 200 இனங்கள் அழிந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. கழிவுநீர் கலந்ததும், அளவுக்கு மீறி மீன் பிடித்ததும் இதற்குத் துணைக் காரணங்கள். பாசியைத் தின்ற மீன்கள் போனதால் ஏரியில் பாசியும் கூடியது.

பாதிப்பு தண்ணீரோடு நிற்கவில்லை. சிறு மீன்களை வெயிலில் காயவைத்தாலே கருவாடு ஆகிவிடும். கொழுப்பு மிகுந்த நைல் பெர்ச்சைப் புகையில்தான் வாட்ட வேண்டும். அந்த விறகுக்காகக் கரையோர மரங்கள் வெட்டப்பட்டன.

பணமும் கொட்டத்தான் செய்தது. கரையில் முளைத்த தொழிற்சாலைகளிலிருந்து முள் நீக்கிய சதைத் துண்டுகள் ஐரோப்பாவுக்குப் பறந்தன. உள்ளூர் ஏழைகளுக்கு மிஞ்சியதோ சதை சீவிய தலையும் முள்ளும்தான். அதையே எண்ணெயில் பொரித்து விற்றார்கள், வாங்கிச் சாப்பிட்டார்கள். ஊருக்குச் சோறு போட வந்த மீன், ஊர்க்காரர்கள் தட்டிலிருந்தே விலகிப்போனது.

இன்று அளவுக்கு மீறிப் பிடித்ததில் நைல் பெர்ச்சும் குறைந்துவருகிறது. சில சிக்லிட் இனங்கள் மெல்லத் தலைகாட்டுகின்றன. ஆனால், 'அந்நிய மீனை அழித்துவிடலாம்' என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது. அதை நம்பித்தான் இப்போது கரையோரத்தில் லட்சக்கணக்கானோர் வீட்டில் அடுப்பு எரிகிறது.