காபிக் கறையின் ஓரத்தில் ஒரு சமன்பாடு

மேசையில் சிந்திய காபித் துளி காய்ந்தால் நடுவில் வெளிறி, ஓரம் மட்டும் கருத்த வளையமாக நிற்கும். துளியின் விளிம்பு மேசையைப் பற்றிக்கொண்டு நகராது. நீர் வேகமாக ஆவியாவதும் அங்கேதான். அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடும் நீர் காபித் துகள்களையும் இழுத்துப் போகிறது. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997இல் தந்த விளக்கம் இது.

வளையம் எப்படித் தடிக்கிறது என்பது அதைவிடச் சுவையான கேள்வி. துகள்கள் ஒன்றையொன்று சட்டை செய்யாமல் வந்து விழுந்தால், ஒவ்வோர் இடமும் தன் போக்கில் உயரும். சராசரி உயரம் 100 அடுக்கு இருக்கும்போது மேடுபள்ளம் ஏறத்தாழ 10 அடுக்கு. 10,000 அடுக்கு வளர்ந்தால் 100. சொரசொரப்பு இரட்டிக்க நான்கு மடங்கு துகள் விழ வேண்டும்.

வரும் துகள் பக்கத்து மேட்டின் தோளிலேயே ஒட்டிக்கொண்டால் கணக்கு மாறிவிடும். பள்ளத்தின் மேல் கூரை விழும். மேடு பக்கவாட்டிலும் பரவும். இதற்கான சமன்பாட்டை மெஹ்ரான் கர்தார், ஜியோர்ஜியோ பரிசி, யி-செங் ஜாங் மூவரும் 1986இல் எழுதினார்கள். ஒரு கோடாக முன்னேறும் விளிம்பில், அதன்படி சொரசொரப்பு இரட்டிக்க எட்டு மடங்கு காலம் ஆகும். வேடிக்கை என்னவென்றால், கறாரான கணிதப்படி அந்தச் சமன்பாட்டுக்கு நேரடிப் பொருளே இல்லை. அத்தனை கரடுமுரடான கோட்டின் சரிவை வர்க்கப்படுத்தச் சொல்கிறது அது. இயற்பியலாளர்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை. கணிதத்தில் அதை நிலைநிறுத்திய மார்ட்டின் ஹைரருக்கு 2014இல் ஃபீல்ட்ஸ் பதக்கம் கிடைத்தது.

பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு 2013இல் இதைக் காய்கிற துளியிலேயே காட்டியது. நுண்ணிய பாலிஸ்டைரீன் உருண்டைகளை நீரில் கலந்தபோது, ஓரத்தில் அவை முதல் கணக்கின்படியே குவிந்தன. அதே உருண்டைகளை அகலத்தைவிட நீளம் 1.2 மடங்கு ஆகும்படி இழுத்துவிட்டுப் போட்டால், மூவர் சமன்பாடு சொன்ன கணக்கு வந்துவிட்டது. கண்ணுக்கு உருண்டை போலவேதான் தெரியும். ஆனால் நீண்ட துகள் நீர்ப்பரப்பை லேசாக நெளிக்கிறது. அந்த நெளிவு அக்கம்பக்கத்துத் துகள்களை இழுக்கிறது.

நீளம் 3.5 மடங்கானால் வளையமே கட்டுவதில்லை என்பதை இதே குழு 2011இல் கண்டிருந்தது. துகள்கள் நீர்ப்பரப்பிலேயே ஒன்றையொன்று பற்றி வலைபோலாகி, ஓரத்துக்குப் போகாமல் துளி முழுவதும் பரவிப் படிந்துவிடுகின்றன. இங்க்ஜெட் அச்சிடுபவர்களும் பெயிண்ட் தயாரிப்பவர்களும் தேடுவது இதைத்தான்.