பாலம் தாண்டுமுன் யோசியுங்கள்!



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை, எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளிக்கு ஓர் இளம் தாய் எட்டு வயது மகனுடன் வந்தார். சிங்கப்பூரில் குடித்தனம். கணவரோடு மனக்கசப்பு முற்றவே, பிள்ளையை அழைத்துக்கொண்டு ஜொகூர் பாலம் தாண்டித் தாய்வீட்டுக்கு வந்துவிட்டார்.

"டீச்சர், இவன் இங்க படிக்கிறது அவங்க அப்பாவுக்குத் தெரியக்கூடாது. யாராவது கேட்டா இல்லைன்னு சொல்லிடுங்க. இவன் பிறப்புப் பத்திரம் ஜொகூர்ல எடுத்ததுதானே? இங்கத்திச் சட்டம்தானே பேசும்?" என்றார்.

பொய் சொல்ல எனக்கு நா எழவில்லை. அழுது நிற்பவரைக் கடிந்துகொள்ளவும் மனம் வரவில்லை. பெற்றோர் பிரிந்தால், பிள்ளையின் வழக்கை எந்த நாட்டு நீதிமன்றம் விசாரிக்கும்? அன்று எனக்கே விடை தெரியாது. பிறகு கேட்டும் படித்தும் அறிந்ததைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

1980 அக்டோபர் 25இல், நெதர்லாந்தின் ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை உருவானது. 16 வயதுக்குட்பட்ட பிள்ளையை, மற்றவரின் உரிமையை மீறி ஒரு பெற்றோர் வேறு நாட்டுக்குக் கொண்டுபோனால், அப்பிள்ளை வழக்கமாக வாழ்ந்துவந்த நாட்டுக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்பது அதன் சாரம். பிறந்த ஊரை அது பார்ப்பதில்லை. ஓராண்டுக்குள் மனுச் செய்தால் பொதுவாகத் திருப்பி அனுப்பியே ஆகவேண்டும். பிள்ளைக்குக் கடுந்தீங்கு நேரும் என்பது போன்ற சில காரணங்களுக்கே விலக்கு உண்டு. பிள்ளை யாரிடம் வளர்வது என்பதைப் பழைய நாட்டு நீதிமன்றமே முடிவு செய்யும்.

ஆனால், இரு நாடுகளுமே அதில் சேர்ந்திருந்தால்தான் இது செல்லும். சிங்கப்பூரில் 2011 மார்ச் 1 முதல் அது நடப்பில் உள்ளது. மலேசியா சேரவில்லை, இந்தியாவும் சேரவில்லை. ஆகவே சிங்கப்பூரிலிருந்து இங்கு வந்த பிள்ளையை, அந்த உடன்படிக்கையைக் காட்டித் திரும்பப் பெற முடியாது.

'அப்படியானால் அந்தத் தாய் வென்றுவிட்டாரே' என்று எண்ணாதீர்கள். சிங்கப்பூரில் தந்தை ஓர் உத்தரவு பெறலாம்; இங்கே தாய் ஓர் உத்தரவு பெறலாம். ஒரு பக்கத்து உத்தரவு மறுபக்கத்தில் தானாகச் செல்லுபடியாகாது. பிறகு பிள்ளையைப் பார்க்க யார் பாலம் தாண்டினாலும் பயந்து பயந்துதான் தாண்ட வேண்டும்.

முஸ்லிம் அல்லாதாருக்கான நம் நாட்டுத் திருமண, மணமுறிவுச் சட்டம் 1976இல் இயற்றப்பட்டு, 1982 மார்ச் 1இல் நடப்புக்கு வந்தது. பிள்ளையின் நலனே தலையாயது என்கிறது அது. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளை தாயிடம் இருப்பதே நல்லது என முதலில் கொள்ளும். ஆனால் அதை மறுத்து வாதாடலாம். பிள்ளையை நாட்டைவிட்டுக் கொண்டுபோகாதபடி தடையுத்தரவு வாங்கவும் அதில் வழியுண்டு. சிங்கப்பூரின் மாதர் சாசனமோ, பராமரிப்பு உத்தரவு இருக்கும்போது பெற்றோர் இருவரின் எழுத்துச் சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ இன்றிப் பிள்ளையை வெளிநாடு கொண்டுபோகக் கூடாது என்கிறது. பிள்ளையைப் பராமரிப்பவர் ஒரு மாதத்துக்குக் குறைவாக அழைத்துச் செல்ல மட்டும் விலக்கு உண்டு.

அடி உதை தாங்காமல் ஓடிவரும் தாய்மாரை நான் குறை சொல்லவில்லை. உயிர் முக்கியம். ஆனால் வந்த கையோடு போலீஸில் புகார் கொடுங்கள்; மருத்துவச் சான்று வாங்குங்கள்; வழக்கறிஞரைப் பாருங்கள். வசதி குறைந்தவர்களுக்கு இரு நாடுகளிலும் அரசாங்கச் சட்ட உதவி அலுவலகங்கள் உண்டு. வெறும் கோபத்தில் புறப்படுபவர்களுக்குத்தான் சொல்கிறேன்: ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. முதலில் அனுமதி கேளுங்கள். பிறகு பயணம் புறப்படுங்கள்.

அந்தப் பையன் வகுப்பில் வாயே திறக்கமாட்டான். பள்ளி விடுமுறை நெருங்கிய ஒருநாள் என் மேசையருகே வந்து, "டீச்சர், அப்பாவுக்கு இந்த ஸ்கூல் தெரியுமா?" என்று கேட்டான். அன்று மாலையே அவன் தாயைப் பார்க்க லயத்துக்குப் போனேன். பெரியவர்கள் பேசினார்கள், வழக்கறிஞர்கள் எழுதினார்கள், பல மாதங்களுக்குப் பின் ஓர் ஏற்பாடு கையெழுத்தானது. இப்போது விடுமுறைதோறும் அவன் அப்பாவிடம் போய்வருகிறான்.

அந்தக் கையெழுத்தை முதலிலேயே போட்டிருந்தால், அவன் அப்படிக் கேட்டிருக்கவே வேண்டியதில்லை. எண்ணிப் பாருங்கள், பெற்றோர்களே!